முதல் பத்து: பட்டியல் சொல்லாத கணக்கு

வார இறுதியில் வணிகச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. நாட்டின் முன்னணிப் பத்து நிறுவனங்களில் இத்தனை நிறுவனங்களின் சந்தை மதிப்பு கடந்த வாரத்தில் இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் உயர்ந்தது, மற்றவை இத்தனை ஆயிரம் கோடி ரூபாயை இழந்தன என்பதே அது. ரிலையன்ஸ், எச்டிஎஃப்சி வங்கி, டிசிஎஸ், பார்தி ஏர்டெல், ஐசிஐசிஐ வங்கி, பாரத ஸ்டேட் வங்கி, இன்ஃபோசிஸ் என்று அண்மை ஆண்டுகளில் நமக்குப் பழகிப்போன பெயர்கள் சற்றே இடம் மாறி அணிவகுக்கும். கிரிக்கெட் வீரர்களின் தரவரிசையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம்.

பங்கு வாங்கி விற்போர் மட்டுமே கவலைப்பட வேண்டிய செய்தி இது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. நாட்டில் டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2025-ஆம் ஆண்டில் 20 கோடியைத் தாண்டியது. பரஸ்பர நிதிகளில் மாதந்தோறும் தவணை முறையில் சேரும் தொகை 2024 அக்டோபரில் முதன்முறையாக 25,000 கோடி ரூபாயைக் கடந்தது. பங்குச் சந்தையின் பக்கமே தலைவைத்துப் படுக்காத தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியிலும் ஒரு பகுதி இந்தப் பட்டியலைப் பின்தொடர்ந்தே செல்கிறது. ஆகவே, இப்பட்டியல் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது இன்று அனைவருக்கும் தேவையாகிறது.

நாட்டின் மிகப்பெரிய நிறுவனம் எது என்று வகுப்பறையில் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், எந்த அளவுகோலில் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். விற்பனையிலா, லாபத்திலா, வேலைவாய்ப்பிலா, செலுத்தும் வரியிலா, சந்தை மதிப்பிலா? ஒவ்வோர் அளவுகோலுக்கும் ஒரு வரிசை உண்டு. ஒன்றில் முதலிடத்தில் இருப்பது இன்னொன்றில் இருபதாவது இடத்தில்கூட இருக்கலாம். நாள்தோறும், நொடிதோறும் மாறிக்கொண்டிருப்பதாலேயே சந்தை மதிப்பு செய்தியாகிறது. மற்றவை ஆண்டறிக்கையின் பக்கங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

சந்தை மதிப்பைக் கணக்கிடும் முறை எளியது. ஒரு பங்கின் விலையை, நிறுவனம் வெளியிட்டுள்ள மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். சிக்கல் அந்த விலையில்தான் இருக்கிறது. ஒரு தெருவில் ஒரே மாதிரியான 20 வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வீடு 80 லட்சம் ரூபாய்க்கு விலைபோனால், தெருவின் மொத்த மதிப்பு 16 கோடி ரூபாய் என்று கணக்கிடலாம். அடுத்த மாதம், பணமுடையால் ஒருவர் தமது வீட்டை 75 லட்சத்துக்கு விற்றுவிடுகிறார். உடனே தெருவின் மதிப்பு 15 கோடியாகிவிடுகிறது. ஒரு கோடி ரூபாய் எங்கே போனது? யாரும் அதை எடுத்துச் செல்லவில்லை. எந்தச் சுவரும் இடியவில்லை. வீட்டை விற்காத பதினெட்டுப் பேருக்கும் தெருவில் நடந்த விற்பனை ஒரு தகவல் மட்டுமே.

பங்குச் சந்தையிலும் இதுவே நடக்கிறது. கைமாறும் சில பங்குகளின் விலை, கைமாறாத கோடிக்கணக்கான பங்குகளின் மீதும் ஏற்றிக் கணக்கிடப்படுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்ஐசி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 மே மாதம் அதன் பங்கு 949 ரூபாய்க்கு வெளியிடப்பட்டபோது, நிறுவனத்தின் மதிப்பு சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 2023 மார்ச் இறுதியில் அந்தப் பங்கு 550 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தாளில் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் மறைந்துபோனது. ஆனால், அரசு விற்றிருந்ததோ மொத்தப் பங்குகளில் வெறும் 3.5 சதவீதம். எஞ்சிய 96.5 சதவீதப் பங்குகள் அரசிடமே இருந்தன. அந்தச் சிறு பகுதியின் விலையே முழுமையின் மதிப்பையும் தீர்மானித்தது. பாலிசிதாரருக்குச் சேரவேண்டிய தொகையில் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறைந்துவிடவில்லை. பின்னர் 2024-இல் அப்பங்கு 1,000 ரூபாயைத் தாண்டியபோது கழகம் இருமடங்கு வளர்ந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது.

பெரிய எண்கள் தரும் மயக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2024 பிப்ரவரியில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் மதிப்பு 20 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இந்திய நிறுவனம் ஒன்று அந்த அளவை எட்டியது அதுவே முதல்முறை. அந்த உயரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பங்கு விலை ஒரு சதவீதம் இறங்கினால், ஒரே நாளில் 20,000 கோடி ரூபாய் இழப்பு என்று தலைப்புச் செய்தி எழுதிவிடலாம். ஒரு சதவீத ஏற்றஇறக்கம் என்பது சந்தையில் அன்றாட நிகழ்வு.

சந்தை மதிப்பு எதைத்தான் அளக்கிறது? ஒரு நிறுவனம் இனிவரும் ஆண்டுகளில் தன் பங்குதாரர்களுக்கு எவ்வளவு லாபம் ஈட்டித் தரும் என்பது குறித்து முதலீட்டாளர்கள் கொண்டுள்ள எதிர்பார்ப்பை அது அளக்கிறது. அந்நிறுவனம் இன்று எவ்வளவு பெரியது என்பதும், நாட்டுக்கு எவ்வளவு தேவையானது என்பதும் வேறு கேள்விகள். இரண்டு ஒப்பீடுகள் இதைத் தெளிவாக்கும்.

முதலாவது, டிசிஎஸ் நிறுவனமும் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனும். 2023-24 நிதியாண்டில் இந்தியன் ஆயிலின் வருவாய் 8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். டிசிஎஸ் நிறுவனத்தின் வருவாய் சுமார் 2.4 லட்சம் கோடி. அவ்வாண்டில் இந்தியன் ஆயில் ஈட்டிய நிகர லாபம் 39,000 கோடி ரூபாய்க்கு மேல். டிசிஎஸ் ஈட்டியது சுமார் 46,000 கோடி. லாபத்தில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால், 2024 மார்ச் இறுதியில் டிசிஎஸ் நிறுவனத்தின் சந்தை மதிப்பு சுமார் 14 லட்சம் கோடி ரூபாயாகவும், இந்தியன் ஆயிலின் மதிப்பு 2.5 லட்சம் கோடிக்கும் குறைவாகவும் இருந்தன.

சந்தை கண்ணை மூடிக்கொண்டு மதிப்பிட்டுவிடவில்லை. இந்தியன் ஆயிலின் லாபம் அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 8,200 கோடியாகவும், பிந்தைய ஆண்டில் சுமார் 13,000 கோடியாகவும் இருந்தது. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறிய 2022-இல், பெட்ரோல், டீசல் சில்லறை விலையை அதற்கு ஈடாக உயர்த்தாமல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் அந்தச் சுமையைத் தாங்கின. நுகர்வோருக்குக் கிடைத்த அந்த நன்மை, பங்குதாரரின் கணக்கில் இழப்பாகப் பதிவானது. மலைக்கிராமத்துக்குச் சமையல் எரிவாயு உருளையைக் கொண்டுசேர்ப்பதற்குச் சந்தை மதிப்பெண் வழங்குவதில்லை. பங்குதாரரின் பார்வையில் இந்த மதிப்பீடு நியாயமானதே. நாட்டின் பார்வையும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதும்போதுதான் பிழை நேர்கிறது.

இரண்டாவது, கோல் இந்தியா. 2011 ஆகஸ்டில் இந்தப் பொதுத்துறை நிறுவனம் ரிலையன்ஸை முந்தி, சந்தை மதிப்பில் நாட்டின் முதல் நிறுவனமானது. அப்போது அதன் மதிப்பு சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய். 2010-11-இல் அதன் நிலக்கரி உற்பத்தி 43 கோடி டன். 2024-25-இல் அது 78 கோடி டன். பதினான்கு ஆண்டுகளில் உற்பத்தி 80 சதவீதம் உயர்ந்திருக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. ஆனால், 2025-இலும் அந்நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஏறத்தாழ அதே இரண்டரை லட்சம் கோடிதான். முதல் பத்தில் அதற்கு இடமில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அது அரசுக்கும் பிற பங்குதாரர்களுக்கும் வாரி வழங்கிய ஈவுத்தொகை இந்தத் தரவரிசையில் தெரிவதே இல்லை. நிலக்கரியின் காலம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்ற ஐயமும் விலையில் கலந்திருக்கிறது. அந்த ஐயம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால், இன்று இரவு நம் வீட்டில் விளக்கெரிவதற்கும் அந்த ஐயத்துக்கும் தொடர்பில்லை.

இனி, பட்டியலுக்குள் வராதவற்றைப் பார்ப்போம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு மட்டுமே சந்தை மதிப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2024 அக்டோபர் வரை எந்தப் பட்டியலிலும் இல்லை. சுமார் 27,870 கோடி ரூபாய்க்கான பொதுப் பங்கு வெளியீட்டுக்குப் பின், ஒரே நாளில் அது நாட்டின் பெரிய நிறுவனங்களின் வரிசையில் சேர்ந்தது. அதன் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் மதிப்பும் அன்று இந்தியச் சந்தையின் கணக்கில் சேர்ந்தது. அதனால் அந்தத் தொழிற்சாலையில் அன்று ஒரு கார்கூட அதிகமாகத் தயாரிக்கப்படவில்லை. விற்கப்பட்டவை தாய் நிறுவனத்தின் பங்குகள் என்பதால், திரட்டிய தொகையும் தென் கொரியாவில் உள்ள அந்த நிறுவனத்துக்கே சென்றது. இது முழுக்கச் சட்டப்படியான நடைமுறை. ஆனால், சந்தை மதிப்பு கூடினாலே நாட்டில் முதலீடு கூடிவிட்டது என்று எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுமார் 12 லட்சம் பேருக்கு நேரடியாக வேலை தரும் இந்திய ரயில்வே, அரசுத் துறை என்பதால் பட்டியலில் இல்லை. ஏறத்தாழ 36 லட்சம் பால் உற்பத்தியாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட அமுல், கூட்டுறவு அமைப்பு என்பதால் இல்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் ஈடுபட்டுள்ள கூடங்களில் பெரும்பாலானவை சிறு, குறு நிறுவனங்கள் என்பதால் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேளாண்மை. 2023-24-ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நாட்டின் உழைப்பாளர்களில் 46 சதவீதத்தினர் அதைச் சார்ந்துள்ளனர். ஆனால், முதல் பத்தில் இருப்பவை பெரும்பாலும் வங்கி, நிதி, மென்பொருள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள். உழவர்களுக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள உறவு, அவர்கள் வாங்கும் சோப்பும் கைப்பேசி ரீசார்ஜும் வங்கிக் கடனும்தான்.

மற்றொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 2024 மே மாதம் மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அனைத்து நிறுவனங்களின் மொத்த மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அப்போது நாட்டின் ஆண்டு உள்நாட்டு உற்பத்தி 4 லட்சம் கோடி டாலருக்கும் குறைவு. உடனே, நாட்டின் பொருளாதாரத்தைவிடச் சந்தை பெரிதாகிவிட்டது என்று பேசினார்கள். ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தையும், அவருடைய நிலத்தின் விலையையும் அருகருகே வைத்து எது பெரியது என்று கேட்பது போன்றது இது. சம்பளம் ஓராண்டில் வருவது. நிலத்தின் விலை, பல்லாண்டுப் பயனை இன்றைய தேதியில் கணித்துச் சொல்வது. சந்தை விலைகள் அளவுக்கு மீறி ஏறிவிட்டனவா என்று அறிவதற்கு இவ்விரண்டின் விகிதம் ஓரளவு உதவும். அதற்கு மேல் அதில் பெருமைப்படவோ கவலைப்படவோ எதுவுமில்லை.

அப்படியானால் இந்தப் பட்டியலைப் புறக்கணித்துவிடலாமா? முடியாது. சந்தை மதிப்பு உயர்ந்த நிறுவனம், குறைந்த பங்குகளை விற்றே அதிக மூலதனம் திரட்டலாம். பிற நிறுவனங்களை எளிதில் வாங்கலாம். மேலும், நமது சட்டதிட்டங்களே இந்தத் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டுள்ளன. முழு ஆறு மாதங்களின் சராசரிச் சந்தை மதிப்பைக் கொண்டு முதல் 100 நிறுவனங்களைப் பெரியவை என்றும், அடுத்த 150 நிறுவனங்களை நடுத்தரமானவை என்றும், எஞ்சியவற்றைச் சிறியவை என்றும் பரஸ்பர நிதிகள் வகைப்படுத்துகின்றன. 2017-இல் செபி வகுத்த விதி இது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் சுயேச்சை இயக்குநர் இருக்க வேண்டும் என்பதும் செபியின் விதியே. நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்த அறிக்கையும் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இவற்றைவிட நேரடியாக நம்மைத் தொடுவது வருங்கால வைப்பு நிதி. 2015 ஆகஸ்டில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, புதிதாகச் சேரும் தொகையில் 5 சதவீதத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளில் முதலீடு செய்யத் தொடங்கியது. பின்னர் அந்த வரம்பு 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதில் பெரும்பகுதி சென்செக்ஸ், நிஃப்டி 50 ஆகிய குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளுக்குச் செல்கிறது. நிஃப்டி குறியீட்டில் 50 நிறுவனங்கள் இருந்தாலும், முதல் பத்து நிறுவனங்களே அதன் எடையில் பாதிக்கும் மேல். அதாவது, அந்த நிதியில் இடப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஐம்பது ரூபாய்க்கு மேல் பத்தே நிறுவனங்களின் பங்குகளுக்குப் போகிறது.

அந்த எடையும் மொத்தச் சந்தை மதிப்பைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. நிறுவனர்கள் கைவசம் வைத்துள்ள பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பே கணக்கில் கொள்ளப்படுகிறது. அதனால்தான் மொத்த மதிப்பில் ரிலையன்ஸ் முதலிடத்தில் இருந்தபோதும், நிறுவனர் பங்கு என எதுவும் இல்லாத எச்டிஎஃப்சி வங்கி நிஃப்டியில் அதிக எடை கொண்டதாக இருந்துவருகிறது. வார இறுதிச் செய்தியில் நாம் படிக்கும் வரிசை ஒன்று. நமது சேமிப்பு பின்பற்றும் வரிசை மற்றொன்று.

குறியீட்டு நிதியில் முதலீடு செய்வது தவறான முடிவு என்று நான் கூறவில்லை. செலவு குறைவு. யாரோ ஓர் அதிகாரியின் விருப்புவெறுப்புக்கு அதில் இடமில்லை. நீண்டகாலத்தில் நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. ஆயினும், ஏற்கெனவே பெரிதாக இருப்பதற்கே பெரும்பங்கு தருவது அதன் இயல்பு. எந்தத் தரவரிசையும் நிலையானதன்று என்பதற்கு ஜப்பான் சான்று. 1989 இறுதியில் உலகின் மிக அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனங்களில் முன்வரிசை இடங்களில் பெரும்பாலானவை ஜப்பானியருடையவை. நிக்கேய் குறியீடு அன்று 38,915 புள்ளிகளில் இருந்தது. அந்த உயரத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். முப்பது வயதில் சேமிக்கத் தொடங்கிய ஒருவர் பணி ஓய்வு பெறும் காலம் அது.

அரசும் ஊடகங்களும் செய்யக்கூடிய சில எளிய திருத்தங்கள் உண்டு. முதலில், சந்தை மதிப்பின் ஏற்றஇறக்கத்தை வெறும் கோடிகளில் மட்டும் கூறாமல் சதவீதத்தையும் தலைப்பிலேயே தர வேண்டும். 20,000 கோடி என்பது அச்சுறுத்துகிறது; ஒரு சதவீதம் என்பது உண்மையை உணர்த்துகிறது.

அடுத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் இந்தப் பட்டியலுக்குத் துணையாக வேறு பட்டியல்கள் வெளிவர வேண்டும். இதற்காகப் புதிய புள்ளிவிவரம் எதையும் திரட்ட வேண்டியதில்லை. முதல் 1,000 நிறுவனங்கள் அளிக்கும் பொறுப்பறிக்கையில் நிரந்தர ஊழியர் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர், ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலை ஊதியம் எவ்வளவு, ஆண்டில் வேலையைவிட்டுச் சென்றோர் எத்தனை சதவீதம் என்பன போன்ற விவரங்கள் ஏற்கெனவே உள்ளன. செலுத்திய வரி ஆண்டறிக்கையில் இருக்கிறது. இவற்றைத் தொகுத்து, அதிகமானோருக்கு நிரந்தர வேலை தரும் பத்து நிறுவனங்கள், அதிக வரி செலுத்தும் பத்து நிறுவனங்கள் என்று செபியோ பங்குச் சந்தைகளோ ஒரே பக்கத்தில் வெளியிட்டால், சந்தை மதிப்பின் இடம் எது என்பது வாசகருக்குத் தானே விளங்கும்.

மூன்றாவதாக, வருங்கால வைப்பு நிதி உறுப்பினரின் கணக்கேட்டில் இன்று தெரிவது, செலுத்திய தொகையும் வட்டியும்தான். அவருடைய பணத்தில் எவ்வளவு பங்குச் சந்தையில் உள்ளது, அதில் முதல் பத்து நிறுவனங்களின் பங்கு என்ன என்பதை ஆண்டுதோறும் அவருக்குத் தாய்மொழியில் தெரிவிப்பது கடினமான காரியமன்று. தன் பணம் எங்கே இருக்கிறது என்பதை அறிவது சேமிப்பவரின் உரிமை.

பங்குச் சந்தை ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. நாளைய லாபம் யாரிடம் இருக்கும் என்பதே அக்கேள்வி. அந்தப் பதிலை நாள்தோறும் திருத்தியும் கொள்கிறது. நாளைய வேலை யாரிடம் கிடைக்கும், நாளைய உணவை யார் விளைவிப்பார், நாளைய வரியை யார் செலுத்துவார் என்ற கேள்விகளை அதனிடம் யாரும் கேட்கவில்லை. அவற்றை நாம்தான் கேட்க வேண்டும்.